தங்கைக்கு நாற்பத்தொரு ரசிகர்கள்

ஈரலைச் சுண்டுவிரல் நகம் அளவுக்குத்தான் நறுக்க வேண்டும். பெரிதாக நறுக்கினால் நாய்க்குச் சீக்கிரம் வயிறு நிறைந்துவிடும். வயிறு நிறைந்த நாய் யார் சொன்னாலும் கேட்காது. பத்தொன்பது வருடமாக நாய்களைப் பழக்குகிறேன் மேடம். எனக்குத் தெரிந்த வித்தையில் பாதி இதற்குள் அடங்கிவிடும். மீதிப் பாதியைச் சொல்லத்தான் காலையிலேயே நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

இன்றைக்கு எனக்கு மனசு பஞ்சு மாதிரி இருக்கிறது. பல் துலக்கும்போதே சிரிப்பு வந்து நுரை எல்லாம் கண்ணாடியில் தெறித்தது. காரணம் என் தங்கை. நான்கு மாதமாகப் பேசாமல் இருந்தவள் நேற்று ஒரு செய்தி அனுப்பினாள். "நடந்ததை எல்லாம் எழுது அக்கா. போலீஸ் மேடத்துக்கு எழுதற மாதிரி எழுது. ஒவ்வொரு பக்கம் முடிஞ்சதும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு." அவ்வளவுதான். எப்படி இருக்கிறாய் என்று கூடக் கேட்கவில்லை. ஆனால் அக்கா என்று போட்டிருந்தாள். அந்த ஒரு வார்த்தையை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள்.

அவள் கொடுத்த புகாருக்காக நீங்கள் போன மாதம் இங்கே வந்தது நினைவிருக்கும். நாய் முடி ஒட்டிவிடும் என்று சோபாவின் நுனியில் உட்கார்ந்து டீ குடித்தீர்கள்.

"ஏம்மா, தங்கச்சி போடற வீடியோவுக்கு அக்கா பொய்ப் பேருல லைக் போட்டாங்கன்னா இதுல என்ன கேஸ் இருக்கு? அதையும் நீங்கதான் போட்டீங்கன்னு எந்த அத்தாட்சியும் இல்ல. நீங்களா வாயத் திறந்து சொன்னாத்தான் உண்டு" என்றீர்கள்.

நானும் பவ்யமாகத் தலையாட்டினேன். அந்த ரசிகர்கள் எல்லாம் குடியிருந்த பழைய ஃபோன், நீங்கள் வருவதற்கு முந்தின நாள்தான் நாய் குளிக்கும் தொட்டியில் விழுந்திருந்தது. ஃபோன்கள் விழத்தான் செய்கின்றன. ஆக, வாயைத் திறக்காமல் இருந்தால் எனக்கு ஒரு குறையும் வராது. நாய்ப் பயிற்சிப் பள்ளி இருக்கும், உரிமம் இருக்கும், பன்னிரண்டு நாய்களும் இருக்கும். எழுதினால் ஒன்றும் இருக்காது. இது எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் தங்கை கேட்டிருக்கிறாளே.

இதுவரை எழுதியதை முதல் பக்கமாக அனுப்பினேன். பேனா மூடியை எடுப்பதற்குள் டிங் என்றது. ஒரு சிவப்பு இதயம். அவளிடமிருந்து. எழுந்து ஹாலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். மந்திரி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. மந்திரி எங்கள் வீட்டு நாய். வயதாகிவிட்டது, தொப்பை, யாரையும் மதிக்காது. அதனால் அந்தப் பெயர்.

சரி, சொல்கிறேன்.

தங்கை என்னைவிடப் பதினான்கு வயது சின்னவள். அப்பாவும் அம்மாவும் ஒரே விபத்தில் போனபோது அவளுக்கு ஏழு, எனக்கு இருபத்தொன்று. அந்த வருடம்தான் பள்ளியை ஆரம்பித்தேன். அவள் சீருடையோடு வந்து இடுப்பில் ஈரல் பையைக் கட்டிக்கொண்டு என் பின்னாலேயே நிற்பாள். பத்து வயதில் எந்த நாய்க்கு எப்போது துண்டு போட வேண்டும் என்று எனக்கே எடுத்துக் கொடுப்பாள். பெரியவளானதும் நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். முன்னால் பயிற்சி முற்றம், பக்கத்தில் மூன்று தொட்டிகளோடு குளியலறை, பின்னால் எங்கள் இருவருக்கும் இரண்டு அறைகள். இடையில் ஒரு மரப்பலகைத் தடுப்பு. அவள் தும்மினால் நான் இந்தப் பக்கமிருந்து நூறு என்பேன். அப்படி வாழ்ந்தோம்.

நான் அவளை வாயால் பாராட்டியதே இல்லை. அன்பில்லாமல் இல்லை. பாராட்டைச் சும்மா கொட்டினால் அதற்கு மதிப்பு போய்விடும் என்று என் தொழில் சொல்கிறது. அவள் முடி வெட்டிய நாயைத் தூக்கிக் காட்டினால், "காது ஓரம் பிசிறு நிக்குது" என்பேன். அவளும் சிரித்துக்கொண்டே கத்தரியை எடுப்பாள்.

இதற்கும் ஒரு இதயம் வந்தது. இரண்டாவது. நான் ஒரு பாட்டையே முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டேன்.

பிறகு கண்ணாடிக்காரர் வந்தார். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவருடைய நாய் கடையிலிருந்த கண்ணாடிச் சட்டங்களை எல்லாம் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. அதைத் திருத்த என்னிடம் கொண்டு வந்தார். நாய் மூன்று வாரத்தில் திருந்திவிட்டது. அவர்தான் வருவதை நிறுத்தவில்லை. "அக்கா, உங்க தங்கச்சி கண்ணுக்குப் பவர் ஒண்ணும் இல்ல. ஆனாலும் வாராவாரம் வந்து செக் பண்ணிக்கறது நல்லது" என்பார், முகத்தைப் படு சீரியஸாக வைத்துக்கொண்டு. தங்கை ஈரத் துண்டை அவர் மேல் வீசுவாள். நல்ல மனிதர். அவர்மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. நாலு மாதத்தில் கல்யாணம் வரை வந்துவிட்டது. நான் மாப்பிள்ளை என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

அவருடைய மாமாவின் கடை வேறு ஊரில் இருந்தது. ரயிலில் பன்னிரண்டு மணி நேரம். அதை இனி இவர்தான் நடத்த வேண்டும். கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்டு இருவரும் அங்கே போவதாக ஏற்பாடு. தங்கை சோப்புக் கையோடு வந்து என்னைக் கட்டிக்கொண்டு சொன்னாள். "நல்லது" என்றேன். அன்றைக்கு நறுக்கிய ஈரல் ஒரு துண்டு மாதிரி இன்னொரு துண்டு இல்லை.

அதே வாரம்தான் அவள் முதல் வீடியோவைப் போட்டாள். தொட்டியில் மந்திரி, தலையில் சோப்பு நுரையால் ஒரு கிரீடம், பின்னால் இவள் கரகரத்த குரலில் பேசுகிறாள். "யாருய்யா அது, என் ராஜ்யத்துல தண்ணி ஊத்தறது? நாளைக்கே உன்னைத் தூக்கிடறேன்." மூன்று லைக் வந்தது. மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அம்மா, ஏதோ ஒரு ஷாம்பு விற்பவர்.

"அக்கா, மூணு பேரு" என்று ஃபோனை நீட்டினாள். நான் ஃபோனைப் பார்க்கவில்லை. அவள் கண்ணைப் பார்த்தேன். ஈரல் பை சரசரக்கும்போது நாய்களுக்கு வருகிற அதே கண்.

ஒரு பயிற்சி வகுப்பில் மூளை மருத்துவர் ஒருவர் எங்களுக்குச் சொன்னதை நான் மறந்ததே இல்லை. டோபமைன் என்று ஒரு ரசாயனம். நாய் ஈரலைத் தின்னும்போது அது ஏதோ பெரிதாகப் பொங்கும் என்று நாம் நினைக்கிறோம். பழகிய நாய்க்குத் தின்னும்போது அப்படி ஒன்றும் ஆவதில்லை. பை சரசரக்கும்போதுதான் பொங்குகிறது, இதோ வரப்போகிறது என்னும் அந்த நொடியில். ஒவ்வொரு தடவையும் நிச்சயமாகக் கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால் அதுவும் அடங்கிவிடும். வருமா வராதா என்று பாதிக்குப் பாதி இருக்கும்போதுதான் அது அடங்கவே அடங்காது. மனிதருக்கும் இதே மூளைதான், மேலே கொஞ்சம் வேலைப்பாடு அதிகம் என்றார். எல்லோரும் சிரித்தோம். டீ இடைவேளையில் நான் அவரிடம் தனியாகப் போய் இரண்டு கேள்வி கேட்டேன்.

இந்தப் பக்கத்துக்கும் இதயம் வந்தது. நான்காவதாக ஒன்றும் வரும் என்று நிச்சயமாக இருந்தேன்.

அன்றைக்கே முதல் ரசிகரை உண்டாக்கினேன். ஓய்வு பெற்ற கப்பல் சமையல்காரர். ஒரு மாதத்தில் நாற்பத்தொரு பேர் ஆகிவிட்டார்கள். கால் ஒடிந்து படுத்திருக்கும் நடன ஆசிரியை, மனைவிக்குப் பயந்து ஒளிந்து ஒளிந்து பார்க்கும் பஸ் டிரைவர், குளிர் தேசத்தில் இரட்டைப் பெண் குழந்தைகளோடு இருக்கும் ஒரு அம்மா. ஒவ்வொருவருக்கும் ஒரு பேச்சு, ஒரு எழுத்துப் பிழை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான நாட்கள் அவைதான். அவள் குளியலறையிலிருந்து கத்தி வாசிப்பாள்.

"அக்கா, கப்பல் தாத்தா என்ன எழுதியிருக்காரு கேளேன். 'உன் மந்திரி என் கேப்டனை விட மோசம்'னு."

"வேலை வெட்டி இல்லாத மனுஷன்."

"போ அக்கா. உனக்கு ரசனையே கிடையாது. அவரப் பாத்துக் கத்துக்கோ."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்துக்கொள்வேன். பத்தொன்பது வருடம் சொல்லாமல் வைத்திருந்ததை எல்லாம் அப்போதுதான் சொன்னேன். உன்னைப் போலக் கைப்பக்குவம் யாருக்கும் வராது என்று பஸ் டிரைவர் எழுதினார். உன் குரலைக் கேட்டால் வலி தெரியவில்லை என்று நடன ஆசிரியை எழுதினார். எல்லாம் மனசாரச் சொன்னதுதான்.

முதல் மாதம் ஒவ்வொரு வீடியோவுக்கும் கொடுத்தேன். எந்த நாய்க்கும் அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும். பிறகு விட்டு விட்டுக் கொடுக்க வேண்டும். இதில் ஒரு சங்கடம் உண்டு. மனிதக் கை எவ்வளவு முயன்றாலும் ஒரு ஒழுங்குக்குள் போய் விழுந்துவிடும், நாய் அதைக் கண்டுபிடித்துவிடும். அதனால் எங்கள் தொழிலில் பகடை உருட்டுவோம். ஆறு விழுந்தால் நாற்பத்தொரு பேரும். ஐந்து விழுந்தால் பத்துப் பேர். மற்றது எது விழுந்தாலும் ஒருவரும் இல்லை. துணி விரித்தால் பகடை சரியாகப் புரளாது என்று வெறும் மர மேசையில் உருட்டினேன். அது ஒன்றுதான் நான் செய்த தப்பு.

நான்காவது பக்கத்துக்கு இதயம் வரவில்லை. நீல டிக் விழுந்துவிட்டது, பார்த்துவிட்டாள். ஏதாவது வேலையாக இருப்பாள்.

பகடை வந்த பிறகு அவள் ஃபோனை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். கையில் நாய் இருக்கும்போது மூக்கால் திரையைத் தட்டுவாள். ஒருநாள் மாப்பிள்ளை என்னிடம் வந்து, "அக்கா, நான் கல்யாணத்தப் பத்திப் பேசிட்டே இருக்கேன். இவ தலையத் தலைய ஆட்டறா. அப்புறம்தான் தெரியுது, என் கண்ணாடியில தெரியற ஃபோன் வெளிச்சத்தைப் பாத்துட்டு இருக்கா" என்றார். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். இருவரும் வெவ்வேறு காரணத்துக்காக.

பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டிய அன்று அவள் கல்யாண உடையிலேயே குளியலறைக்குள் போனாள், ஒரே ஒரு வீடியோ என்று. மதியம் வரை வெளியே வரவில்லை. அலுவலகத்தில் மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் பூங்கொத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். பூ வாடும் வரை உட்கார்ந்திருந்தார்கள். நான் அவர்களுக்குக் காபி வாங்கிக் கொடுத்தேன்.

இதற்கும் ஒன்றும் வரவில்லை மேடம். இருபது நிமிடம் பார்த்தேன். ஃபோன் கெட்டுவிட்டதோ என்று பக்கத்துக் கடைக்காரரை எனக்கு ஒரு கால் போடச் சொன்னேன். மணி அடித்தது. பிறகு எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். எனக்கே புரிந்தது, மழுப்பி எழுதியிருக்கிறேன். அவள் தானாகப் போய் உட்கார்ந்த மாதிரி எழுதியிருக்கிறேன். அப்படி இல்லை. அதற்கு முன் பதினொரு நாள் ஒரு லைக்கும் விழாமல் நிறுத்தி வைத்தேன். திடீரென்று நிறுத்தினால் நாய் முதலில் சோர்ந்து போகாது, இன்னும் வெறியோடு முயலும். ஒரு நாளைக்கு முப்பது வீடியோ வரை போட்டாள். கல்யாணத்தன்று காலை ஒன்பது மணிக்கு, அவள் தலை வாரிக்கொண்டிருந்தபோது, நாற்பத்தொரு பேரையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டேன். பிறகு மதியம் வரை, அரை மணிக்கு ஒன்று, பத்து நிமிடத்துக்கு ஒன்று, என்று போட்டுக்கொண்டே இருந்தேன். அலுவலகத்தில் காபி வரிசையில் நின்றுகூடப் போட்டேன்.

டிங். வந்துவிட்டது. பார்த்தீர்களா, அவளுக்கு உண்மை பிடிக்கிறது.

எனக்கு இது என்னவென்று தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் தொடர்ந்து கொடுக்கிறாள், பிறகு விட்டு விட்டுக் கொடுக்கிறாள். அந்தப் பாடத்தை அவள் இடுப்பில் பையைக் கட்டிவிட்டுச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். ஆனால் வித்தை தெரிந்த ஆள்மேல் வித்தை ஏறாது. நான் எழுதுவது சொல்ல வேண்டியது இன்னும் இருப்பதால்.

மாப்பிள்ளை மன்னித்துவிட்டார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. "பரவால்ல அக்கா, பயந்துட்டா போல" என்று இரண்டு மாதம் தள்ளி இன்னொரு தேதி வாங்கி வந்தார். தங்கையும் அழுது, ஃபோனை என்னிடம் கொடுத்து, "இத ஒளிச்சு வை அக்கா. நான் கேட்டாலும் குடுக்காத" என்றாள். ஈரல் வைக்கும் ஃப்ரிட்ஜுக்கு மேலே வைத்தேன். அவள் நான்கு நாள் பொறுத்தாள். எரிச்சலாகப் பேசினாள், ஆனாலும் பொறுத்தாள். ஐந்தாம் நாள் காலை நன்றாகப் பசித்துச் சாப்பிட்டாள். மாப்பிள்ளை சொன்ன ஒரு ஜோக்குக்கு முழுசாகச் சிரித்தாள். அவள் விடுபட்டுக்கொண்டிருந்தாள். என் கண் முன்னாலேயே.

அன்று மதியம் நான் ஃபோனைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "ஏதோ அவசரமாம் குட்டி. யாரோ ஒரு குழந்தையப் பத்தி."

இரட்டைக் குழந்தைகளின் அம்மா எழுதியிருந்தார். இளையவளுக்கு ரத்தத்தில் ஏதோ நோய். ஆஸ்பத்திரியில் மந்திரி வீடியோ பார்த்தால்தான் மருந்து குடிக்கிறாளாம். நான்கு நாளாகப் புதிதாக ஒன்றும் வராததால் மருந்தைத் துப்பிவிட்டாளாம்.

தங்கை அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து மந்திரியைத் தொட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

அதன்பிறகு குழந்தைக்கும் பகடைதான். ஒன்று விழுந்தால் காய்ச்சல். இரண்டு, மூன்று, நான்கு என்றால் தகவல் இல்லை. ஐந்து என்றால் கஞ்சி குடித்தாள். ஆறு விழுந்தால் சிரித்தாள். இன்றைக்கு அவளுக்குப் பழுப்பு நாய் வேண்டுமாம் என்றால் தங்கை தெருத்தெருவாகப் போய்ப் பழுப்பு நாய் தேடிக் கொண்டு வருவாள். நின்றுகொண்டே சாப்பிட்டாள். இரண்டாவது கல்யாணத் தேதியை அவளே தள்ளிப்போடச் சொன்னாள், அன்றைக்குக் குழந்தைக்கு ஆபரேஷன் என்று. மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "குழந்தை பொழைக்கட்டும். அதான் முக்கியம்" என்றார். கடையை எத்தனை நாள்தான் பூட்டி வைப்பது, அவர் தனியாக ரயில் ஏறினார். ரயில் நிலையத்துக்குத் தங்கை போகவில்லை. நான் போய்க் கையசைத்தேன்.

குழந்தையை நான் சாக விடவில்லை மேடம். அதை எழுதிக்கொள்ளுங்கள். நான் கொடுமைக்காரி இல்லை.

இந்தப் பக்கத்தை அனுப்பிவிட்டு டீ போடப் போனேன். பால் பொங்கும்போது டிங் என்றது. ஓடினேன். பால் வழிந்து அடுப்பு அணைந்துவிட்டது, போகட்டும். இதயம் இல்லை. வாக்கியம். ஒரு முழு வாக்கியம், அதற்கு மேலும். நல்ல நாய் பெரிய காரியம் செய்தால் ஒரு துண்டுக்குப் பதில் கைப்பிடி ஈரலை அப்படியே கொட்டுவோம். ஜாக்பாட் என்று சொல்வது வழக்கம். அதுபோல வந்தது. அப்படியே எழுதுகிறேன்.

"நீதான்னு தெரிஞ்ச பிறகும் பதினாறு நாள் வீடியோ போட்டேன் அக்கா. தெரிஞ்சா நிறுத்திடலாம்னு நீ நெனச்சுக்கிட்டிருக்க. நிறுத்த முடியாது. மிச்சத்தையும் எழுது."

எவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறாள் பாருங்கள். என்னோடு பேசுகிறாள். இனி ஒவ்வொன்றாகச் சரியாகிவிடும் என்று மனசு சொல்கிறது. மந்திரியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன், என் இடுப்பு பிடித்துக்கொண்டது.

மிச்சம் என்று அவள் சொல்வது கையைத்தான்.

குளித்த நாய்களை உலர்த்தச் சூட்டுக் காற்று ஊதும் குழாய் ஒன்று உண்டு. மாப்பிள்ளை போன பத்தாம் நாள், வலது கையில் ஃபோனைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டே அந்தக் குழாயின் வாயை இடது மணிக்கட்டில் சாய்த்து வைத்திருக்கிறாள். சுட்டது அவளுக்கு உறைக்கவே இல்லை. வாடை வந்துதான் பார்த்திருக்கிறாள். நான் மருந்து போட்டுக் கட்டினேன். கட்டுப் போட்ட கையைப் படம் எடுத்து, இன்று வீடியோ இல்லை, மன்னிக்கவும் என்று போட்டாள். பாவமாக இருந்தது. நாற்பத்தொரு பேரும் வந்து விசாரித்தார்கள். குழந்தைகூட ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு முத்தம் அனுப்பியது.

ஒன்பது நாள் கழித்து வலது கை. குளியலறையிலிருந்து வந்தாள். "மறுபடியும் பட்டுடுச்சு அக்கா" என்றாள். அவ்வளவுதான் நடந்தது. கட்டுப் போட்டுப் படுக்க வைத்தேன். ஃபோன் ஹாலில் சார்ஜில் இருந்தது. அவள் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சும்மா படுத்திருந்தாள். இந்தப் பக்கம் மர மேசையில் பகடை உருளும், ஹாலில் ஃபோன் அடிக்கும். உருளும், அடிக்காது. உருளும், அடிக்காது. உருளும், அடிக்கும். பத்து வயதில் ஈரல் பை கட்டியவள். ஒரு மதியத்தில் புரிந்துகொண்டுவிட்டாள். எனக்குத்தான் அவள் புரிந்துகொண்டது புரியவில்லை. அதன்பிறகும் கட்டுப் போட்ட கையோடு வீடியோ போட்டுக்கொண்டிருந்தாளே. பதினேழாம் நாள் மாப்பிள்ளை தன் நாயோடு வந்து இறங்கினார். அவள் ஈர ஏப்ரனோடு அப்படியே போய் வண்டியில் ஏறிக்கொண்டாள். நாய்ச் சங்கிலி மாட்டும் கொக்கியில் ஃபோன் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு மாதம் கைக்கும் மனசுக்கும் வைத்தியம் பார்த்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். கல்யாணமும் ஆகிவிட்டதாம். எனக்குச் சொல்லவில்லை.

அனுப்பிவிட்டேன். நாற்பது நிமிடம் ஆகிறது.

ஒரு மணி நேரம்.

நீல டிக் இருக்கிறது. படித்துவிட்டாள். எதையோ விட்டுவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கும் தெரியும். சொல்லிவிடுகிறேன், ஒன்றும் பெரிதில்லை.

அந்த இரண்டாவது தடவை அவள் என்னிடம் வந்தபோது ஃபோன் ஏற்கனவே கையில் இருந்தது. படம் எடுத்துப் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். புண்ணைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் காயம் விபத்து. இது விபத்து இல்லை. எதைச் செய்தால் கைப்பிடி ஈரல் விழும் என்று கற்றுக்கொண்டுவிட்டாள், கெட்டிக்காரி. பத்தொன்பது வருடம் இதையே பார்த்த எனக்கு அது ஒரு நொடியில் தெரிந்துவிடும். இப்போது ஒன்றும் கொடுக்காமல் இருந்தால் இந்தப் பழக்கம் இத்தோடு நின்றுவிடும், கொடுத்தால் மூன்றாவது தடவை நிச்சயம் என்றும் தெரியும். கட்டுப் போட்டுவிட்டு என் அறைக்கு வந்து பகடையை உருட்டினேன். இரண்டு விழுந்தது. இரண்டுக்கு ஒருவரும் வரக்கூடாது. அதுதான் என் விதி.

பகடையைக் கையால் எடுத்துத் திருப்பி ஆறு வைத்தேன்.

நாற்பத்தொரு பேரையும் அனுப்பினேன். கை இரண்டும் ஆறாமல் இருந்தால் எந்த ஊருக்கும் ரயில் ஏற முடியாது, சோறுகூட நான்தான் ஊட்ட வேண்டும். அவ்வளவுதான் நினைத்தேன். அன்று சாயங்காலம் ஊட்டினேன். ஏழு வயதில் வாயைத் திறப்பது மாதிரியே திறந்தாள்.

ஒப்புக்கொள்கிறேன் மேடம். பகடை செய்தது எதுவும் இல்லை, எல்லாம் நான் செய்ததுதான்.

அனுப்பினேன். வரவில்லை. கையெழுத்து இல்லாததால் இருக்குமோ என்று முழுப் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். வரவில்லை. எல்லாப் பக்கங்களிலும் தேதியோடு கையெழுத்துப் போட்டு, கை ரேகையும் வைத்து, மொத்தமாகத் திரும்ப அனுப்பினேன்.

டிங்.

சிவப்பு இதயம். ஒன்றே ஒன்று. கண்ணீர் வந்துவிட்டது, சிரிப்பும் வந்தது. ஜன்னலைத் திறந்து வைத்தேன், வெயில் எவ்வளவு அழகாக இருக்கிறது.

அவ்வளவுதான் மேடம். நடந்தது எல்லாம் எழுதியாகிவிட்டது, இதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆனால் நோட்டில் இன்னும் முப்பது பக்கம் காலியாக இருக்கிறது. நன்றாக யோசித்தால் நான் இன்னும் ஏதாவது செய்திருப்பேன்.